எலக்ட்ரிக் கிட்டாரில் கைவேலைப் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்திலும் பித்தளையிலும் கிட்டாருக்கான பிக்கார்டு (தந்திகளுக்குக் கீழே பாடியின் முன்பக்கத்தை மூடும் தகடு), நாப் (திருகும் குமிழ்), நெக் பிளேட் (நெக்கைப் பாடியோடு இறுக்கும் பின்பக்கத் தகடு) எல்லாம் செய்து மாட்டுபவன் நான். நண்பர்களும் அவர்கள் மூலம் வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற வகைகளுக்கு அளவுகள் மாறும்.

ஏன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை?

லியோ ஃபெண்டரின் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த இந்தக் கிட்டார், கழற்றி மாட்ட வசதியானது. நெக், அதாவது கழுத்துப் பகுதி, நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. மூன்று பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), மூன்று பாட் (நாப்பின் கீழே இருக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை), ஸ்விட்ச் எல்லாம் ஒரே பிக்கார்டில் தொங்குகின்றன. இன்றைய மாடல்களில் 11 ஸ்க்ரூவைக் கழற்றினால் (தொடக்க வருஷங்களில் 8 தான் இருந்தன) மொத்த வயரிங்கும் கையோடு எழுந்து வந்துவிடும். புதிய பிக்கார்டு செய்து மாட்டுகிறீர்கள், பிடிக்கவில்லை என்றால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பக்கம் முழுவதும் நான் வற்புறுத்தப்போவதும் அதைத்தான். ஸ்க்ரூவில் நிற்பது எதையும் தாராளமாக மாற்றுங்கள். பாடி மரத்தில் மட்டும் உளியும், மரம் குடையும் ரூட்டர் கருவியும் வைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் துளைகளுக்குள்ளேயே எவ்வளவோ அழகு செய்ய இடம் இருக்கிறது.

அழகு வேலை முதலிலா, ஹார்டுவேர் முதலிலா?

ஹார்டுவேர். டியூன் நிற்காத கிட்டாரில் எத்தனை நல்ல வேலைப்பாடு இருந்தாலும் கொஞ்ச நாளில் அது மூலையில் சாய்ந்துவிடும். நட் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பள்ளம் போட்ட துண்டு), டியூனர் (சுருதி சேர்க்கும் திருகு), பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) மூன்றையும் சரிசெய்து, அப்புறம் பாட், பிக்கப், கடைசியில் பிக்கார்டும் நாப்பும் என்று போங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பிக்கார்டில் போடும் துளைகளை பாட்டின் அளவும் பிக்கப்பின் அளவும்தான் முடிவு செய்கின்றன. மரத்தில் அழகாகப் பிக்கார்டு செய்து முடித்த பிறகு பெரிய பாட் வாங்கினால், முடித்த வேலையில் மறுபடி டிரில் இறங்க வேண்டிவரும்.

விலை கூடிய டியூனர் போட்டால் டியூன் நிற்குமா?

பல சமயம் நிற்காது. ஏனென்றால் குற்றம் டியூனரில் இருப்பதில்லை. தந்தியை வளைத்து வாசித்ததும் ஜி தந்தி இறங்கிவிடுகிறது என்றால் முதலில் நட்டைப் பாருங்கள். தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, பழைய இடத்துக்குத் திரும்ப மறுக்கிறது. டியூனரைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். கிராஃபைட் தூள் வழுக்கிக் கொடுக்கும். அதிலேயே முன்னேற்றம் தெரிந்தால், அடுத்த செலவு டியூனருக்கு அல்ல, நல்ல நட்டுக்கு.

குறைந்த விலைக் கிட்டார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் நட்தான் இருக்கும். எலும்பு நட் ஒன்றை நீங்களே செய்யலாம். கிட்டாரில் கையால் செய்யத்தக்க பாகங்களில் காதுக்குப் பலன் கொடுப்பது இதுதான் என்பது என் கருத்து. ஃபெண்டர் வகைக்குச் சுமார் 3.2 மி.மீ தடிமன், 42 மி.மீ நீளம். உங்கள் பழைய நட்டைக் காலிப்பரில் அளந்து அதையே பின்பற்றுங்கள். பள்ளம் தந்தியைவிட ஒரு மயிரிழை அகலமாக இருக்க வேண்டும், ஹெட்ஸ்டாக் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பக்கம் சரிய வேண்டும். தந்தி கடைசியாகத் தொட்டு நிற்கும் இடம் ஃப்ரெட்போர்டு (விரல் வைத்து வாசிக்கும் பலகை) பக்க விளிம்பாக இருக்க வேண்டும். மூன்றாம் ஃப்ரெட்டை (ஃப்ரெட் என்பது அந்தப் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்திப் பிடித்தால், முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் அரம் இறக்கினால் தந்தி முதல் ஃப்ரெட்டில் அதிரத் தொடங்கும், பிறகு புது எலும்புதான். எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

இதெல்லாம் முடிந்தும் டியூன் இறங்கினால் டியூனரை மாற்றலாம். தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் வகை நல்லது. தண்டில் பல சுற்று சுற்ற வேண்டியதில்லை, சுற்று குறைந்தால் தளர்வதற்கும் இடம் குறைகிறது. 14:1, 18:1 என்று எழுதியிருப்பது எத்தனை சுற்றுக்குத் தண்டு ஒரு முறை திரும்பும் என்பதைச் சொல்கிறது. எண் பெரிதானால் நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம். சுருதி நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கும் முன் ஹெட்ஸ்டாக் துளையை அளந்துகொள்ளுங்கள். இன்றைய டியூனர்கள் பலவற்றுக்கு 10 மி.மீ துளை வேண்டும். குளூசன் கம்பெனியின் பழைய பாணிக்கு 9 மி.மீக்கும் குறைவு. பின்பக்கத்துச் சிறு ஸ்க்ரூவின் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கோட்டோ, ஷாலர் போன்றவர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் அளவுப் படம் வெளியிடுகிறார்கள். அதை அச்செடுத்து ஹெட்ஸ்டாக்கின் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பிரிட்ஜ் வாங்கும்போது எதை அளக்க வேண்டும்?

மூன்று அளவுகள். முதலாவது, பாடியில் இறங்கும் ஆறு ஸ்க்ரூக்களில் முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையிலான தூரம். அமெரிக்கப் பழைய அளவில் இது சுமார் 56 மி.மீ. ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் இதைவிடக் குறைவு. இரண்டாவது, சாடிலில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சிறு துண்டு) தந்திக்குத் தந்தி உள்ள இடைவெளி. மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: பாடியின் தடிமன். வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாடி சுமார் 45 மி.மீ. விலை குறைந்த சில மாடல்கள் இதைவிட மெல்லியவை. அவற்றில் முழு நீள பித்தளை பிளாக் (பிரிட்ஜின் அடியில் பாடிக்குள் இறங்கி நிற்கும் உலோகக் கட்டை) அல்லது எஃகு பிளாக் மாட்டினால் அது பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், மூடி பொருந்தாது.

அளவு சரியென்றால், துத்தநாகக் கலவை பிளாக்கை எடுத்துவிட்டு எஃகு பிளாக் போடுவது பலனுள்ள மாற்றம். ட்ரெமோலோ கைப்பிடியின் (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் கைப்பிடி) மரை தேய்ந்துபோகும் தொல்லையும் அதோடு தீரும்.

மரத்தில் பிக்கார்டு செய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஒரே பலகையை மெல்லியதாக இழைத்துச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பிக்கார்டின் தடிமன் சுமார் 2.3 மி.மீ. அந்தத் தடிமனில் ஒற்றை மரம் இழைப்போக்கில் பிளந்துவிடும், அதுவும் பிக்கப் துளைகளுக்கு இடையே இருக்கும் ஒடுங்கிய பாலங்களில். மூன்று வெனீர் தாள்களை (மிக மெல்லிய மரத் தாள்கள்) எடுத்து, நடுவில் இருப்பதன் இழை குறுக்காக ஓடும்படி வைத்து, எபாக்சியால் ஒட்டி, சமதளப் பலகை இரண்டுக்கு நடுவே இரவு முழுவதும் அழுத்தி வையுங்கள். மேலே தேக்கோ பலாவோ எது பிடிக்கிறதோ அது. காய்ந்த பிறகு பழைய பிக்கார்டை இரட்டைப் பக்க டேப்பால் மேலே ஒட்டி, அதையே அச்சாக வைத்து வெட்டுங்கள். உள் மூலைகளை நகாசு ரம்பத்தால் மெதுவாக எடுக்கலாம்.

வார்னிஷோ எண்ணெயோ, மேல்பக்கத்துக்கு எத்தனை பூச்சு கொடுக்கிறீர்களோ பின்பக்கத்துக்கும் அத்தனை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்து, மழைக்காலத்தில் வளைந்துகொள்ளும். நல்ல வேலைகள் வீணாவது பெரும்பாலும் இந்த ஒன்றால்தான்.

தடிமன் 3 மி.மீயைத் தாண்டினால் பாட்டின் மரை வெளியே எட்டாமல் போகலாம். நீள மரை உள்ள பாட் கிடைக்கிறது, அல்லது பாட் உட்காரும் இடத்தில் மட்டும் பின்னாலிருந்து கொஞ்சம் குடைந்துகொள்ளலாம்.

பட்டுப்புடவைக் கரையை பிக்கார்டில் வைக்கலாமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகமாகிவிடும். அம்மாவின் கிழிந்துபோன பட்டுப்புடவை, பாட்டியின் கல்யாணப் புடவைக் கரை என்று எடுத்து வருகிறார்கள். 2 மி.மீ தெளிவான அக்ரிலிக் தகட்டைப் பிக்கார்டு வடிவில் வெட்டி, துணியை இழுத்து அதன் பின்னால் படிய வைத்து, அதற்கும் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்தால் போதும். ஸ்க்ரூக்களே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். துணியில் பசை தடவாதீர்கள். கறை அக்ரிலிக் வழியே தெரியும், துணியையும் பிறகு மீட்க முடியாது.

ஜரிகை உலோகம் என்பதை மறந்துவிட வேண்டாம். அது பாட்டின் கால்களிலோ ஸ்விட்ச் முனைகளிலோ பட்டால் ஒலி அடைத்துவிடும். பின்னால் பிளாஸ்டிக் தாள் வைக்கச் சொன்னது அதற்காகவும்தான். பத்தமடைப் பாயையும் இதே முறையில் வைக்கலாம், கோரை மிக மெல்லியதாக இருந்தால்.

பித்தளைத் தகட்டில் பிக்கார்டு செய்தால் இரைச்சல் வருமா?

சரியாக எர்த் செய்தால் இரைச்சல் குறையும். லண்டனில் கிட்டார் செய்துவந்த டோனி செமைட்டிஸ் கிட்டாரின் முன்பக்கம் முழுவதையும் உலோகத் தகட்டால் மூடியது இரைச்சலைக் குறைக்கத்தான். அந்தத் தகடுகளில் பூவேலை செதுக்க, துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்கும் தொழில் செய்துவந்த டேனி ஓ’பிரையனைச் சேர்த்துக்கொண்டார். அப்படிப் பிறந்த கிட்டார்களை ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் ரானி வுட், கீத் ரிச்சர்ட்ஸ் போன்றவர்கள் கையில் பார்க்கலாம். இரைச்சலுக்காக வைத்த தகடு, பார்த்தவுடன் யார் செய்தது என்று சொல்லவைக்கும் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

நீங்கள் செய்யும்போது சிலவற்றைக் கவனியுங்கள். இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம், பிக்கப்பின் காந்தப்புலத்தைக் கலைத்துவிடும். பித்தளை கனம். முழு பிக்கார்டு 1 மி.மீ தகட்டிலேயே கால் கிலோவை நெருங்கும். தோள் வலிக்கும் என்று நினைப்பவர்களுக்கு அலுமினியம், அதன் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். பிக்கப்பைச் சுற்றி உலோகம் மூடிய வளையமாக நிற்பதால் மேல் ஒலிகள் கொஞ்சம் மங்கலாம். துளையின் ஓரத்திலிருந்து அடுத்த துளைக்கோ தகட்டின் விளிம்புக்கோ ரம்ப இழை அகலத்தில் ஒரு வெட்டு விட்டால் அந்த வளையம் அறுந்துவிடும். கோல வரிகளில் ஒன்றாக அதை மறைத்தும் விடலாம். ஸ்விட்ச், பாட் முனைகள் தகட்டில் படாமல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

தந்தியோடு இப்போது தகடும் உங்கள் கையில் படும், இரண்டுமே ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. ஆம்ப்புக்கு மூன்று முனைப் பிளக்கும், சுவரில் உண்மையிலேயே எர்த் உள்ள சாக்கெட்டும் இருக்க வேண்டும். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா மேடை போன்ற இடங்களில் வாசிக்கிறவர்கள் மைக்கில் வாய் வைக்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உதட்டில் ஷாக் அடிப்பது எர்த் இல்லாத இடங்களில்தான்.

நாப் ஏன் பொருந்த மாட்டேன் என்கிறது?

பாட் தண்டில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஆசிய மெட்ரிக் பாட்டின் தண்டு 6 மி.மீ, பிளந்த தண்டில் 18 பல். அமெரிக்க அளவுப் பாட்டின் முழுத் தண்டு 6.35 மி.மீ, பிளந்த தண்டில் 24 பல். கையால் நாப் செய்வதென்றால் முழுத் தண்டு பாட் வாங்குங்கள். நாப்பில் நேரான துளை போட்டு, பக்கவாட்டில் ஒரு சிறு செட் ஸ்க்ரூ வைத்தால் வேலை முடிந்தது. கடைசல் பட்டறை வைத்திருப்பவர்கள் மரத்திலோ பித்தளையிலோ கடைந்து தருவார்கள். மாதிரிக்குப் பழைய நாப் ஒன்றைக் கையில் கொடுங்கள்.

சுவாமிமலை, தஞ்சாவூர் கைவினைஞர்களிடம் கொடுத்துச் செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும் என்று நினைக்கிறேன். சுவாமிமலையில் மெழுகு அச்சில் வார்க்கிறவர்களால் யாளி முகத்தோடு ஒரு நாப் வார்க்க முடியும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளுக்குப் பித்தளை கடைவது அன்றாட வேலை. தஞ்சாவூர் வீணை செய்கிறவர்களின் கைக்கு மரத்தில் பதிப்பு வேலை ஒன்றும் புதிதில்லை. அந்த வீணை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆனால் அவர்களிடம் “கிட்டாருக்கு அழகாக ஒன்று செய்து கொடுங்கள் ஐயா” என்று மட்டும் சொன்னால் போதாது. மில்லிமீட்டர் அளவோடு படம் கொடுங்கள். முடிந்தால் மரத்திலோ மெழுகிலோ மாதிரி செய்து எடுத்துப் போங்கள். வார்ப்பு ஆறும்போது சுருங்கும், ஆகவே தண்டுத் துளையை வார்ப்பிலேயே எதிர்பார்க்காதீர்கள், பிறகு டிரில் செய்துகொள்ளலாம். தொடக்கத்துக்கு நெக் பிளேட் மிகப் பொருத்தம். தட்டையான செவ்வகம், வழக்கமான அளவில் சுமார் 51க்கு 64 மி.மீ, நான்கு துளைகளின் மையங்கள் 38க்கு 51 மி.மீ. ஒரு சிக்குக் கோலத்துக்கு அளவெடுத்த மாதிரி இடம். தகடு 2 மி.மீக்குக் குறையக் கூடாது, நெக்கை இறுக்கிப் பிடிக்கும் பொறுப்பு அதற்கு இருக்கிறது. கூலியில் பேரம் பேசாதீர்கள். ஒரே ஒரு பொருளுக்காக அவர்கள் தங்கள் வழக்கமான வேலையை நிறுத்திவைத்துச் செய்கிறார்கள்.

முத்துச்சிப்பியை ஃப்ரெட்போர்டில் பதிக்கலாமா?

பாடியில் உளி வைக்காதே என்று சொன்னது ஃப்ரெட்போர்டுக்கும் பொருந்தும். ஆனால் ஏற்கெனவே பிளாஸ்டிக் புள்ளிகள் இருக்கும் குழிகளில் அதே விட்டத்தில் சிப்பிப் புள்ளி வைப்பதில் புது மரம் எதையும் வெட்டுவதில்லை. குயின் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, 1963-ல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரில் புள்ளிகளாகப் பதித்தது அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்களை. நெக்குக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரம், ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதே கிட்டாரைத்தான் இத்தனை காலமும் மேடையில் வாசித்துவருகிறார். கைவேலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

சிப்பியைத் தண்ணீரில் நனைத்தபடியேதான் அறுக்க வேண்டும், அரைக்க வேண்டும். காய்ந்த தூளைச் சுவாசிப்பது உண்மையாகவே ஆபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆமை ஓடு, தந்தம், ஈட்டி மரம்?

முதல் இரண்டும் கிடையாது. வீட்டில் பழையது கிடந்தாலும் தொடாதீர்கள். இரண்டின் வணிகமும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பிக்கார்டு கடைகளில் ‘ஆமை ஓடு’ என்று விற்பது வெறும் பிளாஸ்டிக், அதை வாங்கலாம். நாட்டிலஸ் போன்ற சில சிப்பி இனங்களும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன.

தோதகத்தி என்றும் சொல்லப்படும் ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ரசீதோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். உலக வணிகத்தில் 2017 ஜனவரியில் இந்த மரத்தின் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள்.

பிக்கப், பாட் எதைப் போடுவது?

ருசியைப் பொறுத்தது, அதிகம் சொல்ல மாட்டேன். சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) 500. தலைகீழாகப் போட்டால் ஒலி ஒன்று குத்தும், இல்லை மங்கும். ஹம்பக்கர் வேண்டும் என்றால் சிங்கிள் காயில் அளவிலேயே வருவதை வாங்குங்கள். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தன் கிட்டாரைக் குடைந்து ஹம்பக்கர் வைத்தது உண்மைதான். அது உதிரியாக வாங்கிய பாடி, அவர் அதில் எதை வேண்டுமானாலும் செய்துபார்க்கலாம். பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த கிட்டாரில் அதைச் செய்ய வேண்டாம்.

நாங்கள் இருப்பது கடற்கரை ஊர். எல்லாம் துருப்பிடிக்கிறதே?

ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள், செலவு சொற்பம். தங்கப் பூச்சுப் பாகங்களைத் தவிருங்கள். வியர்வை படும் இடத்தில் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். வாசித்து முடித்ததும் தந்தியையும் பிரிட்ஜையும் பருத்தித் துணியால் துடைப்பது எந்தப் பூச்சைவிடவும் உதவும்.

பித்தளை கறுப்பதைத் தடுக்க மெல்லிய லாக்கர் அடிக்கலாம். எனக்கு அந்த நிறமாற்றம் பிடிக்கும், விட்டுவிடுவேன். பளபளப்புதான் வேண்டும் என்றால் வீட்டு விளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாம். ஆனால் பாகத்தைக் கழற்றி எடுத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

ஸ்க்ரூத் துளை தளர்ந்துவிட்டால்?

பல் குத்தும் குச்சியில் மரப்பசை தடவித் துளைக்குள் நெருக்கமாக நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக நறுக்கிவிட்டு, சிறிய டிரில்லில் வழி போட்டு ஸ்க்ரூவை இறக்குங்கள். ஸ்க்ரூ முனையில் மெழுகு தடவினால் தலை உடையாது.

விற்கும்போது விலை குறையுமா?

கழற்றிய எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருந்தால் குறையாது. வாங்குகிறவருக்குப் பழைய பிக்கார்டு பிடித்தால் அதை மாட்டிக் கொடுங்கள். உங்கள் கைவேலை உங்களிடமே இருக்கும், அடுத்த கிட்டாருக்கு ஆகும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. அப்புறம்?

முழு செட்டப் ஒரு முறை செய்ய வேண்டும். தந்தியின் கனத்தை மாற்றியிருந்தால் இது கட்டாயம். 9–42 செட் (மிக மெல்லிய, மிகக் கனத்த தந்திகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நெக்கை ஏறக்குறைய 38 கிலோ விசையோடு இழுக்கிறது, 10–46 செட் 46 கிலோவைத் தாண்டும். முதலில் டிரஸ் ராடால் (நெக்குக்குள் ஓடும், திருகிச் சரிசெய்யும் உலோகக் கம்பி) நெக்கின் வளைவைச் சரிசெய்யுங்கள், அப்புறம் சாடில் உயரம். 17-ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 1.6 மி.மீ நல்ல தொடக்கம். கடைசியில் இன்டனேஷன்: 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். ஒரு வாரம் வாசித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மரப் பிக்கார்டு போட்டவர்கள் மழைக்காலம் முடிந்ததும் அதன் ஸ்க்ரூக்களை ஒரு முறை தொட்டுப் பார்த்து, தளர்ந்தவற்றை மட்டும் கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.